உங்களுக்குத் தெரியுமா? எக்ஸ்ரே காட்டியும் கண்ணில் படாதவை!

நுரையீரலுக்குள் கொரில்லா! கதையில்லை, ஸ்கேன் படம்! 2013-ல் பாஸ்டன் நகர ஆராய்ச்சியாளர்கள் ஒரு சி.டி. ஸ்கேனில் கொரில்லா உருவத்தை ஒட்டிவைத்து, 24 ரேடியாலஜிஸ்டுகளிடம் நீட்டினார்கள். 'நுரையீரலில் கட்டி இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்' என்றார்கள். வழக்கமாக அவர்கள் தேடும் கட்டியைவிட அந்தக் கொரில்லா 48 மடங்கு பெரிது! எத்தனை பேர் கண்டுபிடித்தார்கள்? நாலே பேர்!

இன்னும் கேளுங்கள். பார்வை எங்கெங்கே போகிறது என்று காட்டும் கருவியையும் வைத்திருந்தார்கள். கோட்டைவிட்ட 20 பேரில் 12 பேரின் கண் கொரில்லாவின் மேலேயே விழுந்திருக்கிறது! நேருக்கு நேர்!

மருத்துவம் படிக்காதவர்களுக்கும் அதே படத்தைக் காட்டினார்கள். கண்டுபிடித்தவர்கள் பூஜ்யம்!

இருப்பது தெரியாமல் போவது இருக்கட்டும். இல்லாதது தெரியுமா? மிஷிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் பாட்சன், நூற்றுக்கும் மேற்பட்ட ரேடியாலஜிஸ்டுகளிடம் மார்பு எக்ஸ்ரேக்களை அடுக்கிக் கொடுத்தார். அதில் ஒரு படத்தில் காறை எலும்பே கிடையாது! கழுத்துக்குக் கீழே பளிச்சென்று குறுக்கே ஓடும் எலும்பு அது. ஒரு பக்கம் சுத்தமாகக் காணோம்! கவனிக்காமல் விட்டவர்கள் 60 சதவீதம்!

அப்புறம் ஒரே ஒரு தகவல் சொன்னார்: 'இவை புற்றுநோயைத் தேடுவதற்காக எடுத்த படங்கள்.' அவ்வளவுதான்! 83 சதவீதம் பேர் பிடித்துவிட்டார்கள்! ஸ்கேன் சீட்டில் 'எதற்காக' என்ற இடத்தைக் காலியாக விடும் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். எங்கே வலி, எத்தனை நாளாக வலி, முன்பு என்ன ஆபரேஷன் நடந்தது, எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு மதிப்பு!

பாட்சன் கண்டுபிடித்ததில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறொன்று. சோதனையில் கடைசியாக வந்தவர்கள், தப்பாகச் சொன்னபோதும் தாங்கள் சொல்வதே சரி என்று உறுதியாக நம்பினார்கள்!

அன்றாட வேலையில் ரேடியாலஜிஸ்டுகளின் ரிப்போர்ட்டில் தவறு எவ்வளவு? 3 முதல் 5 சதவீதம் என்கின்றன ஆய்வுகள். சின்னக் கணக்குதானே என்று தோன்றுகிறதா? உலகில் ஆண்டுக்கு 100 கோடிப் படங்கள் என்று வைத்து, 4 சதவீதம் போட்டுப் பாருங்கள். 4 கோடித் தவறுகள்!

இத்தனைக்கும் அந்த 4 சதவீதத்தில், நோயே இல்லாதவர்களின் படங்களும் கணக்கில் சேர்ந்திருக்கின்றன. நோய் உள்ள படங்களை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்தால்? 1949-ல் சான் ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த டாக்டர் லியோ ஹென்றி கார்லண்ட் அதைத்தான் வெளியிட்டார். அனுபவசாலிகள்கூட நோய் உள்ள மார்பு எக்ஸ்ரேக்களில் ஏறக்குறைய 30 சதவீதத்தைத் தவறவிட்டார்கள்! எழுபத்தைந்து ஆண்டு தாண்டியும் இந்த எண் பெரிதாக இறங்கவில்லை என்று துறைக்காரர்களே எழுதுகிறார்கள்!

இரண்டு டாக்டர்களுக்குள் கருத்து வேறுபாடு வரும், சரி. ஒரே டாக்டருக்குத் தன்னோடு தானே ஒத்துப்போகாவிட்டால்? 2010-ல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 60 வயிற்று சி.டி. ஸ்கேன்களை மறுபடி படிக்கச் சொன்னார்கள். அடுத்தவர் ரிப்போர்ட்டோடு பெரிய அளவில் முரண்பட்டது 26 சதவீதம். தாங்களே முன்பு எழுதிய ரிப்போர்ட்டோடு முரண்பட்டது 32 சதவீதம்!

முதுகுவலிக்காரர்களே, இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள்! 63 வயது அம்மா ஒருவர். கால்வரை இறங்கும் முதுகுவலி. நியூயார்க் வட்டாரத்தில் மூன்றே வாரத்துக்குள் 10 எம்.ஆர்.ஐ. மையங்களுக்கு அவரை அனுப்பினார்கள். அதே அம்மா, அதே முதுகு! வந்து சேர்ந்த 10 ரிப்போர்ட்டுகளிலும் சேர்த்து 49 விதமான கோளாறுகள்! பத்து ரிப்போர்ட்டிலும் ஒன்றுபோல இடம்பெற்ற கோளாறு எத்தனை தெரியுமா? ஒன்றுகூட இல்லை! 2017-ல் வெளியான ஆய்வு இது!

அந்த 49-ல் மூன்றில் ஒரு பங்கு, ஒரே ஒரு மையத்தின் கண்ணுக்கு மட்டும் தெரிந்தவை!

முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், 1994-ல். எல்லா டிஸ்க்கும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம்தான்! மற்றவர்கள் டிஸ்க் பிதுங்கியபடியே ஜாலியாக நடமாடிக்கொண்டிருந்தார்கள்!

அமெரிக்காவின் புகழ்பெற்ற விளையாட்டு மருத்துவர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ், 31 பேஸ்பால் வீரர்களின் தோளை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார். எல்லோரும் பந்து எறிபவர்கள். யாருக்கும் வலி இல்லை. குருத்தெலும்பில் கோளாறு என்று படம் சொன்னது 90 சதவீதம் பேருக்கு! படத்தை நம்பியிருந்தால் அத்தனை பேரையும் ஆபரேஷன் டேபிளில் படுக்க வைத்திருக்கலாம்!

ஒரு எக்ஸ்ரேயைப் பார்க்க எவ்வளவு நேரம் வேண்டும்? கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும் 0.2 வினாடிதான் காட்டினார்கள், 1975-ல். அதற்குள்ளேயே கோளாறுகளில் 70 சதவீதத்தை ரேடியாலஜிஸ்டுகள் சொல்லிவிட்டார்கள்! என்ன கண்ணப்பா அது!

ஆனால் அந்தக் கண்ணுக்கு நாம் கொடுக்கும் வேலையைப் பாருங்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1999-ல் ஒரு ரேடியாலஜிஸ்டுக்கு நிமிடத்துக்கு 3 படங்கள். 2010-ல் நிமிடத்துக்கு 16! எட்டு மணி நேரமும் 3, 4 வினாடிக்கு ஒரு படம் என்று ஓடிக்கொண்டே இருந்தால்தான் வேலை முடியும்!

காலையில் தெரிந்த எலும்பு முறிவு மாலையில் தெரியாது! நாள் முழுக்கப் படம் பார்த்துக் களைத்த பிறகு, எலும்பு முறிவைக் கண்டுபிடிக்கும் திறன் குறைகிறது என்று 2010-ல் 40 பேரை வைத்து நிரூபித்தார்கள்!

ஒரு கோளாறு கிடைத்துவிட்டதா? அடுத்தது தப்பிக்கும்! தேடியது கிடைத்த திருப்தியில் கண் தேடலை நிறுத்திவிடுகிறது. 1962-லேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: 'தேடல் திருப்தி'. விபத்தில் அடிபட்டவருக்கு உடைந்த விலா எலும்பைக் கண்டுபிடித்துவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் கட்டியை விட்டுவிடுவது இப்படித்தான்!

மார்பு எக்ஸ்ரேயில் கட்டிகள் ஒளிந்துகொள்ளும் இடங்கள்கூடத் தெரிந்தவைதான். இதயத்துக்குப் பின்னால்! காறை எலும்புக்குப் பின்னால்! உதரவிதானத்துக்குக் கீழே! எல்லாப் பாடப்புத்தகங்களிலும் இருக்கிறது. இன்றும் அங்கேயேதான் தப்புகின்றன!

'இது முன்பே தெரிந்திருக்கிறதே!' பழைய படத்தை எடுத்துப் பார்த்து யாராவது இப்படிச் சொன்னால் வயிறு கலங்குகிறது அல்லவா? மேயோ கிளினிக்கில் நுரையீரலின் ஓரப் பகுதியில் புற்றுநோய் உறுதியான 50 பேரின் பழைய எக்ஸ்ரேக்களைத் தோண்டி எடுத்தார்கள். 45 பேரின் கட்டி பழைய படத்திலேயே தெரிந்தது! 90 சதவீதம்! ஒருவருக்கு 53 மாதங்களுக்கு முன்பே!

விடை தெரிந்த பிறகு கேள்வி சுலபமாகிவிடும். கோர்ட்டில் ரேடியாலஜிஸ்டுகள் வைக்கும் முக்கியமான வாதமே இதுதான். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. அந்த 53 மாதங்களுக்கும் நியாயம் வேண்டும்!

கோர்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. உலகின் முதல் எக்ஸ்ரே சாட்சியம் எந்த வழக்கில் தெரியுமா? கனடாவின் மான்ட்ரியல் நகரில், 1895 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் ஒருவர் காலில் துப்பாக்கிச் சூடு. குண்டு எங்கே என்று டாக்டர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. மக்கில் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் ஜான் காக்ஸ் 1896 பிப்ரவரியில் எக்ஸ்ரே எடுத்தார். காலை ஆட்டாமல் வைத்திருக்க வேண்டிய நேரம் 45 நிமிடம்! இரண்டு எலும்புகளுக்கு நடுவே குண்டு! சுட்டவருக்கு 14 ஆண்டு சிறை!

ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 நவம்பர் 8. சுட்டவரை எக்ஸ்ரே சிக்க வைத்தது சில மாதங்களில். டாக்டரைச் சிக்க வைத்தது? அதற்கும் அதிக நாள் ஆகவில்லை! 1896 டிசம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரம். ஏணியிலிருந்து விழுந்த ஒரு இளைஞர். முறிவு இல்லை என்று சிகிச்சை பார்த்தவர், ஊரிலேயே பேர்பெற்ற அறுவைச் சிகிச்சை நிபுணர். எக்ஸ்ரேயில் தொடை எலும்பு முறிந்திருப்பது தெரிந்தது! 'எலும்பைப் படம் பிடிப்பதாவது, அதெல்லாம் சாட்சியமா?' என்று எதிர்த்தரப்பு வாதாடியது. நீதிபதி லெஃபீவர் ஏற்றுக்கொண்டார்! மருத்துவர் மீதான வழக்கில் எக்ஸ்ரே சாட்சிக்கூண்டு ஏறிய கதை இது. கண்டுபிடித்துப் பதின்மூன்றே மாதம்!

 

எக்ஸ்ரேக்கு ராண்ட்கன் காப்புரிமை வாங்கவே இல்லை! உலகத்துக்கே சும்மா கொடுத்தார்! 1901-ல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குத்தான்!

1896-ல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம். ஒரு குழந்தையின் தலைக்குள் இருக்கும் குண்டைத் தேட வேண்டும். அதற்கு முன் தன் தலையில் சோதித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தார் டீன் டட்லி. ஒரு மணி நேர எக்ஸ்ரே. 21-ம் நாள் கதிர் பட்ட இடத்தில் முடி கொட்டியது!

113 ஆண்டு கழித்து அதே அடையாளம்! 2009-ல் லாஸ் ஏஞ்சல்ஸின் சீடர்ஸ் சைனாய் மருத்துவமனையில், மூளை ஸ்கேன் எடுத்துக்கொண்ட ஒருவருக்குப் பட்டையாக முடி கொட்டியது. ஏன் என்று தோண்டினார்கள். இயந்திரத்தில் மாற்றி வைத்திருந்த அளவு தப்பு! சரியான அளவைப்போல 8 மடங்கு கதிர்வீச்சு! 18 மாதங்களாக யாரும் கவனிக்கவில்லை! அப்போது எண்ணியபோது 206 பேர்! அந்த முடி மட்டும் கொட்டாமல் இருந்திருந்தால்?

2008-ல் கலிஃபோர்னியாவின் ஒரு சிறிய ஊர் மருத்துவமனை. மூன்று வயதுகூட நிரம்பாத குழந்தை. கட்டிலிலிருந்து விழுந்துவிட்டது என்று கழுத்தை சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். சில நிமிடங்களில் முடியவேண்டிய வேலை. ஒரு மணி நேரத்துக்கும் மேல் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார் டெக்னீஷியன். ஒரே இடத்தில் 151 முறை! உரிமம் பறிபோனது!

எடிசன் எக்ஸ்ரேயைக் கண்டு ஓடியவர், தெரியுமா? அவருடைய உதவியாளர் கிளாரன்ஸ் டாலியின் கைகளைக் கதிர்கள் அரித்தன. கைகளை வெட்டி எடுத்தும் பயனில்லை. 1904-ல் இறந்தார். வயது 39!

படம் தெளிவாக விழ வேண்டும் என்று 1930-களிலிருந்து உடம்புக்குள் செலுத்திய ஒரு திரவம், தோரோட்ராஸ்ட். படம் அற்புதமாக விழுந்தது! உள்ளே இருந்ததோ தோரியம். வெளியேறவே இல்லை, கல்லீரலிலேயே தங்கிவிட்டது. 20, 30 ஆண்டு கழித்துப் புற்றுநோயாக வந்தது! அந்தத் தோரியம் பாதியாகக் குறைய எடுக்கும் காலம் 1,400 கோடி ஆண்டு! பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடிதான்!

எடுத்த எக்ஸ்ரேயை யாருமே பார்க்காவிட்டால்? அயர்லாந்தின் டப்ளின் நகரில் டல்லா மருத்துவமனையில் 2005-லிருந்து 2009-க்குள் எடுத்த படங்களில், மூத்த ரேடியாலஜிஸ்ட் பார்வைக்கே போகாதவை கிட்டத்தட்ட 58,000!

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில், 2017-ல் அரசு ஆய்வுக் குழு உள்ளே போனது. ஒரே ஆண்டில் முறையாகப் படிக்கப்படாத மார்பு எக்ஸ்ரேக்கள் 23,000! அதில் நுரையீரல் புற்றுநோயாளிகளும் இருந்தார்கள். நெஞ்சு பதறுகிறது!

அயர்லாந்தின் கெர்ரி. தற்காலிகமாக வந்துபோன ஒரே ஒரு ரேடியாலஜிஸ்ட் படித்த படங்கள் மீது சந்தேகம் வந்தது. எல்லாவற்றையும் மறுபடி படிக்க முடிவெடுத்தார்கள். 46,000-க்கு மேல்! படித்தும் முடித்தார்கள்! நோய் கண்டறிவது மோசமாகத் தாமதமானவர்கள் 11 பேர். ஒவ்வொருவராகத் தேடிப்போய்ச் சொன்னார்கள். தப்பு நடந்த ஊர்தான். ஆனால் அந்த மறுவாசிப்புக்கு ஒரு கைதட்டல் கட்டாயம் கொடுக்க வேண்டும்!

இடதா, வலதா? அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மருத்துவமனையில் 2007-ல் மூளை ஆபரேஷன். தலையின் தப்பான பக்கத்தைத் திறந்துவிட்டார்கள்! ஒரு முறை அல்ல, ஒரே ஆண்டில் மூன்று முறை! அபராதம் 50,000 டாலர்!

எக்ஸ்ரே மூலையில் தெரியும் குட்டி ஈய எழுத்து இதற்குத்தான். அது இல்லாமல் படத்தைத் திருப்பி மாட்டினால் இதயம் வலப்பக்கம் போய்விடும்! நிஜமாகவே வலப்பக்கம் இதயம் உள்ளவர்களும் உண்டு. 12,000 பேருக்கு ஒருவர் என்று கணக்கு!

மருத்துவமனையை வைத்தே எடுத்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 'ஸ்க்ரப்ஸ்'. 2001-ல் தொடங்கியது. அதன் தலைப்புக் காட்சியில் டாக்டர் மாட்டும் மார்பு எக்ஸ்ரே... திருப்பி மாட்டியது!

கையை ஊன்றி விழுந்தீர்களா? கட்டைவிரலுக்கு அடியில் மணிக்கட்டில் ஸ்காஃபாய்டு என்று ஒரு குட்டி எலும்பு. முறிந்த அன்றைக்கே எடுத்த எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமலே போகலாம்! 10, 14 நாள் கழித்து மறுபடி எடுத்தால் தெரியும். 'படத்தில் ஒன்றுமில்லை' என்றபிறகும் அந்த இடத்தை அழுத்தினால் வலிக்கிறதா? திரும்பப் போங்கள்! கவனிக்காமல் விட்டால் ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துவிடலாம்!

அமெரிக்காவில் ரேடியாலஜிஸ்டுகள் மீது போடப்படும் வழக்குகளில் முதலிடம் எந்தத் தவறுக்கு? தவறவிட்ட மார்பகப் புற்றுநோய்! எலும்பு முறிவெல்லாம் அதற்குப் பிறகுதான்!

வயிற்றுக்குள் பஞ்சை வைத்துத் தைத்துவிட்டார்களா? ஆபரேஷன் பஞ்சுக்குள்ளேயே எக்ஸ்ரேயில் தெரியும் நூல் ஓடுகிறது. இருந்தும், தியேட்டரிலேயே எடுத்த எக்ஸ்ரேயில் மறந்த பொருள் தெரிந்தது 67 சதவீதம்தான் என்கிறது மேயோ கிளினிக்!

எம்.ஆர்.ஐ. காந்தத்தின் பலம் பூமியின் காந்தத்தைப்போல சுமார் 30,000 மடங்கு! ஸ்கேன் முடிந்தாலும், கரண்டே போனாலும் காந்தம் ஓயாது! 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனை. ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போனவர் நோயாளியின் உறவினர். இயந்திரம் ஓடவில்லை, போகலாம் என்று சொன்னார்களாம். சிலிண்டரோடு சேர்த்து அவரையும் இழுத்தது. வயது 32! உயிர் போய்விட்டது. தடுத்திருக்க வேண்டியது ஒரு சொல்!

அதற்கு நாலு ஆண்டு முன்பே, 2014-ல், நவி மும்பையில் சிலிண்டருக்கும் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்கும் நடுவே இரண்டு ஊழியர்கள் மாட்டிக்கொண்டு தவித்தது 4 மணி நேரம்!

2025 ஜூலையில் நியூயார்க் அருகே ஒருவரை எம்.ஆர்.ஐ. இழுத்துக் கொன்றது. கழுத்தில் போட்டிருந்தது உடற்பயிற்சிச் சங்கிலி. எடை 9 கிலோ!

வழக்குப் போட்டவர் மீதே வழக்குப் போட்ட ரேடியாலஜிஸ்ட் உண்டா? உண்டு! சிகாகோவின் லெனார்டு பெர்லின்! விரல் எக்ஸ்ரேயைத் தப்பாகப் படித்தார் என்று அவர் மீது ஒரு வழக்கு. அநியாய வழக்கு என்று அவர் திருப்பிப் போட்டார். 1976-ல் ஜூரி அவருக்கு 8,000 டாலர் கொடுத்தது! 1978-ல் மேல்முறையீட்டில் ரத்தானது. மனிதர் சோரவில்லை. ரேடியாலஜித் தவறுகளும் வழக்குகளும் என்றே வாழ்நாள் முழுக்க எழுதித் தள்ளினார். துறையில் இன்று எல்லோரும் எடுத்துப் படிப்பது அவருடைய கட்டுரைகளைத்தான்!

நம் ஊருக்கு வாருங்கள். பணம் வாங்கிக்கொண்டு பார்க்கும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1995 நவம்பர் 13. ஸ்கேன் சென்டரும் அதில் அடக்கம்! புகார் கொடுக்கக் கெடு 2 ஆண்டு!

உங்கள் மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் எத்தனை நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்? 72 மணி நேரம்! 2002-ம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளில் அப்படியே இருக்கிறது. உள்நோயாளிப் பதிவேட்டை 3 ஆண்டு பத்திரமாக வைத்திருக்கவும் வேண்டும். கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்! எக்ஸ்ரே, ஸ்கேன் பிலிம்களைப் பெரும்பாலும் நம் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். பீரோவுக்கு மேலே கிடக்கும் அந்தப் பெரிய கவரைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்! அடுத்த முறை பழைய படத்தோடு புதியதை ஒப்பிட்டால்தான் புள்ளி வளர்ந்ததா, அப்படியே இருக்கிறதா என்று தெரியும்!

நோயாளியின் முகம் தெரிந்தால் ரிப்போர்ட் மாறுமா? ஜெருசலேமின் ஷாரே செடெக் மருத்துவமனையில் சி.டி. ஸ்கேனோடு நோயாளியின் போட்டோவையும் சேர்த்துக் கொடுத்தார்கள். தேடாத கோளாறுகளையும் கூர்ந்து கண்டுபிடித்து எழுதினார்கள் ரேடியாலஜிஸ்டுகள். மூன்று மாதம் கழித்து அதே ஸ்கேன்கள், போட்டோ இல்லாமல். முன்பு எழுதிய அந்த எதிர்பாராத கோளாறுகளில் 80 சதவீதம் ரிப்போர்ட்டில் வரவில்லை! 2008-ல் வெளியான ஆய்வு. ஒவ்வொரு ஸ்கேனிலும் ஒரு போட்டோ ஒட்டினால் என்ன குறைந்துவிடும்!

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே! ஸ்வீடனில் 80,000 பெண்களின் மேமோகிராம்களை (மார்பக எக்ஸ்ரே) வைத்துப் போட்டி. கம்ப்யூட்டர் துணையோடு படித்த அணி கண்டுபிடித்த புற்றுநோய்கள் 244. இரண்டிரண்டு டாக்டர்களாகப் படித்த அணி 203. அதுவும் 44 சதவீத வேலை குறைந்து! 2023-ல் இதைக் கேட்டு உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது!

அதே கம்ப்யூட்டர் காப்பியும் அடிக்கும்! நிமோனியாவைக் கண்டுபிடிக்கப் பழக்கிய ஒரு நிரலை 2018-ல் சோதித்தார்கள். நுரையீரலைவிட, படம் எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதைத்தான் அபாரமாகக் கற்றிருந்தது. அதில் துல்லியம் 99.95 சதவீதம்! நோயாளிகள் அதிகம் உள்ள மருத்துவமனைப் படமென்றால் நிமோனியா என்று சொல்லிவிடலாமே!

கம்ப்யூட்டரை விடுங்கள். புறா! நம்ப மாட்டீர்கள், 2015-ல் அமெரிக்காவில் புறாக்களுக்கு மார்பகத் திசுப் படங்களைக் காட்டிப் பழக்கினார்கள். சரியான பட்டனைக் கொத்தினால் தீனி! 15 நாளில் புற்றுநோய் எது, சாதாரணக் கட்டி எது என்று 85 சதவீதம் சரியாகச் சொல்லிவிட்டன! மேமோகிராமில் சுண்ணாம்புப் புள்ளிகளையும் கண்டுபிடித்தன. கட்டியின் வடிவம் என்று வந்தபோது மட்டும் திணறின. தனித்தனியாகக் கொத்திய புறாக்களின் பதில்களை ஒன்றாகச் சேர்த்து, பெரும்பான்மை என்ன சொல்கிறது என்று கணக்குப் போட்டார்கள். நாலு புறா சேர்ந்தால் 99 சதவீதம்!